இயற்கைப் பேரிடர்கள் கடவுளின் தண்டனையா? கிறிஸ்தவ நம்பிக்கை உண்மையில் என்ன சொல்கிறது?

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணி பேராலயத்தில் காலை வழிபாடு. திருநாளுக்காக வந்திருந்த யாத்ரீகர்களில் பலர் கடற்கரையில் நின்றிருந்தார்கள். காலை 9 மணியைத் தாண்டியதும் கடல் ஊருக்குள் வந்தது.

அன்று வேளாங்கண்ணியில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை. அதை மாதாவின் அற்புதம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் அதே மாதாவைத் தேடி வந்து, கடற்கரையில் நின்ற குடும்பங்கள்? அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

அந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை. புயல் வந்தாலும், நிலச்சரிவு நடந்தாலும், பெருந்தொற்று பரவினாலும், "இது கடவுள் கொடுத்த தண்டனை" என்று ஒரு குரல் கேட்கும். வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். சில மேடைகளில் பிரசங்கமும் நடக்கும்.

சரி, கிறிஸ்தவ நம்பிக்கை உண்மையில் இப்படித்தான் சொல்கிறதா? வேதாகமத்தில் என்ன இருக்கிறது? இரண்டாயிரம் ஆண்டுகளாக திருச்சபைகள் இதை எப்படிப் பார்த்திருக்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

"தண்டனை" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

வேதாகமத்திலிருந்தேதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

பழைய ஏற்பாட்டின் முதல் நூலான ஆதியாகமத்தில் நோவா காலத்துப் பெருவெள்ளம் வருகிறது. மனிதர்களின் கொடுமை பெருகியதால் அந்த வெள்ளம் வந்தது என்று அந்த நூல் சொல்கிறது. அதே நூலின் 19ஆம் அதிகாரத்தில் சோதோம், கொமோரா என்ற நகரங்கள் நெருப்பால் அழிகின்றன. யாத்திராகமத்தில் எகிப்தின் மீது பத்து வாதைகள் வருகின்றன. ஒரு நகரத்தில் தீங்கு நேர்ந்தால் அது கடவுளின்றி நடக்குமா என்று கேட்கும் தொனியில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூலும் பேசுகிறது.

ஆக, பேரிடரையும் நியாயத்தீர்ப்பையும் இணைத்துப் பேசும் பகுதிகள் வேதாகமத்தில் உண்டு. பேரிடரைத் தண்டனை என்று சொல்பவர்கள் இவற்றைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் இந்தக் கதைகளை முழுசாகப் படித்தால் சில விஷயங்கள் கண்ணில் படும்.

ஒன்று, முன்னெச்சரிக்கை. கடவுள் முதலில் நோவாவிடம் சொல்கிறார். நினிவே நகரத்துக்கு யோனாவை அனுப்புகிறார். நினிவே மக்கள் மனம் மாறியதும் தண்டனை நின்றுபோகிறது. நகரம் தப்பித்துவிட்டதே என்று கோபப்படுபவர் யோனாதான். கடவுள் அவரைத்தான் கண்டிக்கிறார்.

இரண்டு, பேரம். சோதோமில் 50 நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆபிரகாம் கேட்கத் தொடங்குகிறார். 45, 40 என்று இறங்கி 10 வரை வருகிறார். பத்து பேர் இருந்தாலும் அழிக்கமாட்டேன் என்கிறார் கடவுள். நல்லவர்களையும் கெட்டவர்களையும் ஒன்றாக வாரிக்கொண்டு போவது நியாயமல்ல என்பதே அந்த வாதத்தின் அடிப்படை.

மூன்று, வாக்குறுதி. வெள்ளத்துக்குப் பிறகு, இனி இப்படி வெள்ளத்தால் உலகை அழிக்கமாட்டேன் என்று கடவுள் உடன்படிக்கை செய்கிறார். வானவில்தான் அதன் அடையாளம்.

2004 சுனாமியில் கைக்குழந்தைகளும் இறந்தார்கள். எந்தத் தீர்க்கதரிசியும் வந்து எச்சரிக்கவில்லை. சோதோம் கதையை அப்படியே அதன் மேல் வைத்துப் பார்க்க முடியாது என்று பல கிறிஸ்தவ அறிஞர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

யோபுவின் நண்பர்கள் செய்த தவறு

பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே இந்தக் கேள்விக்காக ஒரு முழு நூல் இருக்கிறது. அதுதான் யோபு.

யோபு நல்லவர். அதை நூலின் முதல் வரிகளிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒரே நாளில் அவர் எல்லாவற்றையும் இழக்கிறார். பெருங்காற்று அடித்து வீடு இடிந்து அவருடைய பிள்ளைகள் எல்லோரும் இறந்துபோகிறார்கள். இன்றைய மொழியில் சொன்னால், இயற்கைப் பேரிடர்.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று போதகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பிறகு வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் கடவுள் இப்படிச் செய்வாரா என்று விதவிதமாக வாதாடுகிறார்கள். யோபு விடாமல் மறுக்கிறார். கடவுளிடமே நியாயம் கேட்கிறார்.

கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்த நண்பர்கள் மீதுதான் கோபப்படுகிறார். அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார். கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்களைக் கடவுளே கண்டிக்கிறார்!

அதே சமயம், துன்பம் ஏன் வந்தது என்று யோபுவுக்கும் கடைசிவரை விளக்கம் கிடைப்பதில்லை. இதையும் கவனிக்க வேண்டும்.

இயேசு என்ன சொன்னார்? சீலோவாம் கோபுர விபத்து

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படும் பகுதி லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரம்.

அன்றைய பரபரப்புச் செய்தி ஒன்றைச் சிலர் இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். பலி செலுத்த வந்த கலிலேயர்கள் சிலரை ரோமானிய ஆளுநர் பிலாத்து கொன்றுவிட்டான். இயேசு அதற்குப் பதில் சொல்லும்போது இன்னொரு செய்தியையும் தாமே சேர்த்துக்கொள்கிறார். எருசலேமில் சீலோவாம் பகுதியில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த விபத்து அது.

முதலாவது ஆட்சியாளன் செய்த கொலை. இரண்டாவது யாரும் திட்டமிடாத விபத்து. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இரண்டையும் வைத்துக் கேட்கிறார் இயேசு. அவரே பதிலும் சொல்கிறார்: இல்லை.

அதோடு நிறுத்தவில்லை. நீங்கள் மனம் திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்றும் சொல்கிறார். பலர் இந்த இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா தண்டனைதான் என்பார்கள். வேறு சிலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதாவது, செத்தவர்களின் பாவக் கணக்கைப் பார்க்காதே, உன் வாழ்க்கையைப் பார். கேட்பவனின் விரல் அடுத்தவரை நோக்கி நீள்கிறது. இயேசு அதைக் கேட்டவன் பக்கமே திருப்புகிறார்.

நற்செய்திகளில் இதே போக்கு வேறு இடங்களிலும் உண்டு.

பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இவன் பாவம் செய்தானா, பெற்றோர் பாவம் செய்தார்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு (யோவான் 9). நல்லவர் கெட்டவர் எல்லோர் நிலத்திலும் கடவுள் மழை பெய்யச் செய்கிறார் என்றும் அவர் போதிக்கிறார் (மத்தேயு 5). தங்களை ஏற்காத சமாரியக் கிராமத்தின் மீது வானத்திலிருந்து நெருப்பு இறங்கட்டுமா என்று சீடர்கள் கேட்டபோது அவர்களை அதட்டுகிறார் (லூக்கா 9).

"கடைசி காலத்தின் அடையாளம்" என்பது என்ன?

தண்டனை என்று சொல்லாதவர்களும் சில நேரம் சொல்லும் இன்னொரு வாசகம், "இது கடைசி காலத்தின் அடையாளம்". மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் பஞ்சம், நிலநடுக்கம், போர் எல்லாம் வரும் என்று இயேசு சொல்கிறார். உண்மைதான்.

ஆனால் அதே இடத்தில், கலங்காதீர்கள், முடிவு உடனே வராது என்றும் சொல்கிறார். பிரசவ வலியின் தொடக்கம் போன்றவை என்று ஒப்பிடுகிறார். அந்த நாள் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட நிலநடுக்கத்தைக் காட்டித் தேதி கணக்குப் போடுவதற்கு அந்தப் பகுதியில் இடமில்லை.

ஒரு காலத்தில் பழி சுமந்தது கிறிஸ்தவர்களே

முதல் மூன்று நூற்றாண்டுகளில், பேரிடர் வந்தால் ரோமப் பேரரசில் கைநீட்டப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள்தான். இவர்கள் நம் தெய்வங்களை வணங்காததால்தான் தெய்வங்கள் கோபித்துக்கொண்டன என்று மக்கள் நம்பினார்கள்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த தெர்த்துல்லியன், கி.பி. 197 வாக்கில் இதைக் கிண்டலாக எழுதினார். டைபர் நதி பெருக்கெடுத்தாலும் கிறிஸ்தவர்கள்தான் காரணம், நைல் நதி பெருகாவிட்டாலும் கிறிஸ்தவர்கள்தான் காரணம், உடனே சிங்கத்துக்குப் போடு என்கிறீர்களே என்று கேட்டார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்னால் உலகத்தில் பேரிடரே வந்ததில்லையா என்பது அவர் வைத்த வாதம்.

410ஆம் ஆண்டில் ரோம் நகரம் கோத் படைகளால் சூறையாடப்பட்டது. அப்போதும் பழி கிறிஸ்தவர்கள் மீது விழுந்தது. அதற்குப் பதிலாகத்தான் புனித அகஸ்தீன் 'கடவுளின் நகரம்' என்ற பெரிய நூலை எழுதத் தொடங்கினார். இவ்வுலகில் துன்பம் நல்லவருக்கும் கெட்டவருக்கும் சேர்ந்தே வருகிறது, யாருக்கு என்ன நடந்தது என்பதை வைத்து அவர் யார் என்று முடிவு செய்ய முடியாது என்று அவர் வாதிட்டார்.

லிஸ்பன் 1755: ஐரோப்பாவை உலுக்கிய நிலநடுக்கம்

இந்த விவாதத்தின் திருப்புமுனை போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் நடந்தது.

1755 நவம்பர் 1. சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், தேவாலயங்கள் நிரம்பியிருந்த நேரம். நிலம் அதிர்ந்தது. கல் கட்டிடங்கள் மக்கள் மீது சரிந்தன. தப்பித்து ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓடியவர்கள் மீது சற்று நேரத்தில் சுனாமி வந்தது. திருநாளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் தீயைக் கிளப்ப, நகரம் பல நாள் எரிந்தது. பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள்.

பக்தி மிகுந்த கத்தோலிக்க நகரம். திருநாள். வழிபாட்டு நேரம். இதைவிட மோசமான பொருத்தம் இருக்க முடியுமா?

உடனே விளக்கங்கள் வந்தன. கப்ரியேல் மலக்ரிதா என்ற இயேசு சபைக் குரு 1756இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நிலநடுக்கத்துக்குக் காரணம் லிஸ்பன் மக்களின் பாவங்களே, இயற்கைக் காரணம் என்று சொல்வதே தவறு என்றார். மறுபக்கம் புராட்டஸ்டண்டு நாடுகளில் சிலர், கத்தோலிக்க மதவிசாரணை மன்றத்தின் கொடுமைக்காகத்தான் லிஸ்பன் தண்டிக்கப்பட்டது என்றார்கள். இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லியும் இதைக் கடவுளின் எச்சரிக்கையாகப் பார்த்து எழுதினார்.

ஒரே நிலநடுக்கம்தான். ஆனால் ஒவ்வொருவரும் தங்களுக்கு ஏற்கெனவே பிடிக்காதவர்களின் பாவத்தையே அதற்குக் காரணமாகக் கண்டுபிடித்தார்கள்!

உண்மையில் சேதம் எப்படிப் பரவியது? ஆற்றங்கரையை ஒட்டிய தாழ்வான, தளர்ந்த மண்ணில் இருந்த நகர மையம் நொறுங்கியது. அரண்மனை போனது. புதிதாகத் திறந்த ஓபரா அரங்கம் போனது. பெரிய மருத்துவமனையும் போனது. மதவிசாரணை மன்றத்தின் தலைமையகம்கூடத் தப்பவில்லை. உறுதியான பாறை மீது இருந்த பழைய அல்ஃபாமா பகுதி ஓரளவு தப்பித்தது. மக்களின் புண்ணியத்தைவிட, காலடியில் என்ன மண் இருந்தது என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது.

அமைச்சர் பொம்பல் வேறு வழியில் போனார். சடலங்களை விரைவாக அப்புறப்படுத்தினார், உணவு விலையைக் கட்டுப்படுத்தினார். பிறகு நாடு முழுக்க உள்ள பங்குகளுக்கு ஒரு கேள்விப்பட்டியல் அனுப்பினார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? எந்தத் திசையில் அதிகம்? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? பதில் எழுதி அனுப்பியவர்கள் ஊர்ப் பங்குத் தந்தைகள்தான். இன்றைய நிலநடுக்க ஆய்வின் தொடக்கங்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதிர்வைத் தாங்கும் மரச்சட்டக் கட்டிட முறையும் மறுகட்டுமானத்தில் வந்தது.

மலக்ரிதாவை பொம்பல் ஊரைவிட்டு அனுப்பினார். பின்னர் அரசியல் பகையில் சிக்கி, மதவிசாரணை மன்றத்தாலேயே தண்டிக்கப்பட்டு, 1761இல் அவர் லிஸ்பனில் கொல்லப்பட்டார்.

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் இந்த அழிவைப் பார்த்து, எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைக் கடுமையாகத் தாக்கினார். அவருக்குப் பதில் எழுதிய ரூசோ, அங்கே ஆறேழு மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டி வைத்தது இயற்கையா என்று கேட்டார். மனிதனின் பொறுப்பு பற்றிய அந்தக் கேள்வி இன்றைய பேரிடர் மேலாண்மையின் அடிப்படைக் கேள்வியாகவே இருக்கிறது.

அப்போ, பேரிடர் ஏன் வருகிறது? கிறிஸ்தவர்கள் தரும் நான்கு பதில்கள்

எல்லாத் திருச்சபைகளுக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. முக்கியமாக நான்கு பார்வைகள் உண்டு.

*1. கடவுளின் ஆளுகைக்கு வெளியே எதுவும் இல்லை.* 16ஆம் நூற்றாண்டின் ஜான் கால்வின் வழிவந்த மரபு இதை அழுத்தமாகச் சொல்கிறது. மழையும் காற்றும் அவர் அறியாமல் நடப்பதில்லை. ஆனால் இந்த மரபிலும், கடவுளின் நோக்கம் மனிதனுக்கு மறைவானது என்றே சொல்வார்கள். "கடவுள் அனுமதித்தார்" என்பது வேறு, "இந்தப் பாவத்துக்காக இந்த ஊரைத் தண்டித்தார்" என்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல நேரடி வெளிப்பாடு வேண்டும்.

*2. படைப்பே உடைந்த நிலையில் இருக்கிறது.* முதல் மனிதர்களின் வீழ்ச்சியால் உலகமே பாதிக்கப்பட்டது என்பது பழைய நம்பிக்கை. படைப்பு முழுவதும் வேதனையில் முனகுகிறது என்று பவுல் ரோமர் 8இல் எழுதுகிறார். இந்தப் பார்வையில் பேரிடர் யாரோ ஒருவருக்கான தண்டனை அல்ல, எல்லோரும் வாழும் உலகின் நோய். அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் சிந்தனையாளர் டேவிட் பென்ட்லி ஹார்ட், 2004 சுனாமிக்குப் பிறகு எழுதிய நூலில் இதை வலியுறுத்தினார். அந்தச் சாவுகளுக்குள் மறைவான தெய்வீக நன்மையைத் தேடாதீர்கள் என்பது அவர் வாதம்.

*3. இயற்கைக்கு அதன் விதிகள் உண்டு.* கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, உலகம் இன்னும் நிறைவை நோக்கிப் பயணத்தில் இருக்கிறது, அதில் ஆக்கமும் அழிவும் சேர்ந்தே இருக்கும் என்கிறது. இங்கிலாந்தின் இயற்பியலாளரும் ஆங்கிலிக்கன் குருவுமான ஜான் போல்கிங்ஹார்ன், மனிதனுக்குச் சுதந்திரம் இருப்பதுபோல் இயற்கையும் தன் விதிப்படி இயங்கக் கடவுள் விட்டிருக்கிறார் என்றார். நிலத்தட்டுகள் நகர்வதால்தான் மலைகளும் கண்டங்களும் உருவாகின. அதே நகர்வுதான் சுனாமியையும் கொண்டுவருகிறது.

*4. காரணம் தெரியாது, ஆனால் கடவுள் துன்பப்படுபவர் பக்கம் இருக்கிறார்.* 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு, அந்த ஆண்டு புனித வெள்ளியன்று இத்தாலியத் தொலைக்காட்சியில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் கேள்விகளுக்குப் பதிலளித்தார். ஜப்பானில் வாழ்ந்த 7 வயதுச் சிறுமி, தன் வயதுப் பிள்ளைகள் பலர் இறந்துவிட்டார்களே, நான் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று கேட்டிருந்தாள். தமக்கும் அதே கேள்விதான் எழுகிறது என்றார் அவர், தம்மிடம் பதில் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். இயேசுவும் குற்றமின்றித் துன்பப்பட்டார், கடவுள் உன் பக்கம் இருக்கிறார் என்பதை மட்டும் சொன்னார். வாழ்நாள் முழுக்க இறையியல் படித்தவர், ஏழு வயதுக் குழந்தையின் முன் "தெரியாது" என்றார்.

ஹைத்தியும் சிலியும்: கணக்கு என்ன சொல்கிறது?

2010 ஜனவரி 12. ஹைத்தியில் 7.0 அளவு நிலநடுக்கம். லட்சம் பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பீடுகள் கூறுகின்றன. மறுநாளே அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன், விடுதலைக்காக ஹைத்தி மக்கள் முன்பு சாத்தானோடு ஒப்பந்தம் செய்தார்கள், அதனால்தான் சாபம் என்ற பொருளில் பேசினார். அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் மத்தியிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது.

ஹைத்தி பெரும்பான்மை கிறிஸ்தவ நாடு. அந்த நிலநடுக்கத்தில் தலைநகரின் கத்தோலிக்கப் பேராலயம் இடிந்தது. பேராயரும் இறந்தார்.

அடுத்த மாதமே, பிப்ரவரி 27இல், சிலியில் 8.8 அளவு நிலநடுக்கம். வெளிப்பட்ட ஆற்றல் ஹைத்தியைவிட சுமார் 500 மடங்கு. இறந்தவர்கள் 500 பேருக்குச் சற்று மேல்.

சிலி மக்கள் அவ்வளவு புண்ணியவான்களா? இல்லை. ஹைத்தியில் அதிர்வின் மையம் தலைநகருக்கு அருகிலேயே, ஆழம் குறைந்த இடத்தில் இருந்தது. சிலியில் அது கடலோரத்தில் இருந்தது. அதைவிட முக்கியம், 1960இல் வரலாற்றிலேயே பெரிய நிலநடுக்கத்தைச் சந்தித்த சிலியில் கட்டிட விதிகள் கண்டிப்பானவை. ஹைத்தியில் வறுமை, கம்பியும் சிமெண்டும் போதாத வீடுகள்.

"கடவுள் தண்டித்தார்" என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். யார் விதியை மீறிக் கட்டினார்கள், யார் அனுமதி கொடுத்தார்கள், ஏன் எச்சரிக்கை வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நம்ம ஊருக்கும் இது பொருந்தும். 2004இல் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு. அலை தமிழகக் கரையைத் தொட சுமார் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி நாகை மாவட்டத்தில். இரண்டரை மணி நேரம் இருந்தும் சொல்வதற்கு ஆள் இல்லை. ஏனென்றால் இந்தியப் பெருங்கடலில் அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் அந்த மையம் 2007இல்தான் வந்தது.

இது கிறிஸ்தவர்களின் கேள்வி மட்டும்தானா?

இல்லை. சுனாமி அடித்த ஆச்சே பகுதியில் பெரும்பாலானோர் இஸ்லாமியர். தாய்லாந்தில் பௌத்தர்கள். நாகையிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் பெரும்பாலும் இந்துக்கள். குளச்சல் பக்கம் கத்தோலிக்க மீனவர்கள். அலை யாருடைய மதத்தையும் பார்க்கவில்லை.

இந்தியாவில் நடந்த புகழ்பெற்ற விவாதம் ஒன்றையும் நினைவுபடுத்தலாம். 1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தென்னிந்தியாவில் இருந்த காந்தி, இது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று பேசினார். காந்தியை மிகவும் மதித்த தாகூர் வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு, அவற்றை அறநெறியோடு முடிச்சுப் போடுவது மூடநம்பிக்கையைத்தான் வளர்க்கும் என்பது தாகூரின் வாதம். அந்த மறுப்பைத் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார் காந்தி.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. காந்தி எதிர்த்த பாவம் உண்மையான பாவம்தான். ஆனால் பீகாரில் இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே? நோக்கம் நல்லதாக இருந்தாலும் 'தண்டனை' என்ற வாதம் பாதிக்கப்பட்டவர் மீதே போய் விழுகிறது.

பாதிக்கப்பட்டவர்களிடம் என்ன சொல்வது?

அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு செய்தி வருகிறது. அகபு என்ற தீர்க்கதரிசி, பெரிய பஞ்சம் வரப்போகிறது என்று அந்தியோகியா நகரச் சபையாரிடம் சொல்கிறார். யாருடைய பாவத்தால் என்று அவர்கள் கேட்டதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. ஒவ்வொருவரும் தங்களால் முடிந்ததைச் சேர்த்து யூதேயாவில் இருந்தவர்களுக்கு அனுப்பினார்கள் என்று மட்டும் இருக்கிறது.

2004இல் நம் கரையோரத்திலும் அதுதான் நடந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று பாராமல் கதவுகள் திறந்தன. நாகூர் தர்கா தன் இடத்தில் வேற்று மதத்தவர் உட்பட இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் கொடுத்தது.

பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் "இது கடவுளின் தண்டனை" என்று சொல்பவர், தம்மைத் தீர்க்கதரிசி என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் வேதாகமக் கணக்குப்படி அவர் நிற்பது யோபுவின் நண்பர்கள் வரிசையில்தான்.

சுருக்கமாகச் சொன்னால்...

• பேரிடரை நியாயத்தீர்ப்பாகக் காட்டும் கதைகள் வேதாகமத்தில் உண்டு. ஆனால் எச்சரிக்கையும் மனம் திரும்ப வாய்ப்பும் அவற்றில் சேர்ந்தே வருகின்றன.

• பேரிடரில் இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற கருத்தை இயேசு நேரடியாக மறுத்திருக்கிறார்.

• கடவுளின் ஆளுகை, உடைந்த படைப்பு, இயற்கை விதி, புரியாத மர்மம் என்று திருச்சபைகளுக்குள் பல விளக்கங்கள் உண்டு. ஆனாலும் குறிப்பிட்ட ஒரு பேரிடரைக் குறிப்பிட்ட மக்களின் பாவத்தோடு இணைத்துத் தீர்ப்புச் சொல்ல மனிதருக்கு அதிகாரமில்லை என்பதில் பெரும்பாலான இறையியலாளர்கள் ஒத்துப்போகிறார்கள்.

• நிலம் அதிர்வதை நம்மால் நிறுத்த முடியாது. எச்சரிக்கையும் உறுதியான கட்டிடமும் சரியான நேரத்து உதவியும் நம் கையில்தான் இருக்கின்றன.

அடுத்த முறை ஒரு புயலோ வெள்ளமோ வரும்போது, "இது தண்டனை" என்ற வீடியோ உங்கள் போனுக்கும் வரலாம். அதை ஃபார்வர்டு செய்வதற்கு முன், அந்த ஊரில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரின் போனுக்கும் அது போய்ச் சேரும் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.